சீனி கூடுவதற்கு முன்: குரங்குகளில் கண்ட சலரோகம்

யூனியன்வில்லில் எங்கள் வீடுகளிலும் சலரோகக் குளிசை சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது. "பரம்பரை வருத்தம்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது உடம்புக்குள் எப்போது தொடங்குகிறது என்பதை அறிய உதவியவை குரங்குகள்.

1921 இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைத் தேடியது நாய்களில். சதையியை (கணையத்தை) அகற்றியதும் நாய்க்குச் சலரோகம் வந்தது. ஆனால் எங்களிடையே அதிகம் காணப்படும் இரண்டாம் வகைச் சலரோகம் இப்படி ஒரே நாளில் வருவதில்லை.

றீசஸ் குரங்குகள் நடுவயதில் உடல் பருக்கும்போது, பலவற்றுக்கு இந்த இரண்டாம் வகை தானாகவே வருகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பார்பரா ஹான்சனின் குழு இக்குரங்குகளை ஆண்டுக்கணக்கில் அவதானித்தது. அவற்றின் இரத்தத்தில் முதலில் கூடியது சீனி அல்ல, இன்சுலின். சதையி களைத்து இன்சுலின் குறைந்த பிறகே சீனி ஏறியது. கடன் வாங்கி நிரப்பிய வங்கி இருப்பைப் போல, அதுவரை சீனி அளவு சரியாகவே தெரியும்.

மூலக்கூறு மட்டத்தில் இரண்டு மாற்றங்கள் முக்கியமானவை.

தசையில்: இன்சுலின் வந்ததும் சீனியைக் கிளைக்கோஜனாகச் சேமிக்க உதவும் நொதியம் வேகம் பெற வேண்டும். சீனி கூடுவதற்கு முன்பே இந்த நொதியம் மந்தமாகிவிடுகிறது.

சதையியில்: இன்சுலினுடன் அமைலின் என்ற சிறு புரதமும் சுரக்கிறது. அது 37 அமினோ அமிலங்களால் ஆனது. 1987 இல் அடையாளம் காணப்பட்டது. மனிதரிலும் குரங்கிலும் அது நாராகத் திரண்டு, இன்சுலின் சுரக்கும் கலங்களுக்கு அருகே படிகிறது. எலியின் அமைலினில் உள்ள மூன்று புரோலின் அமிலங்கள் அப்படித் திரள விடுவதில்லை. அதனால் எலியை மட்டும் பார்த்து இதை அறிய முடியாது.

இதைத் தடுக்கலாமா? விஸ்கொன்சினில் 1989 இல் தொடங்கிய ஆய்வின் முடிவு 2009 இல் வந்தது. வழமைபோல் உண்ட 38 குரங்குகளில் 16 இற்குச் சலரோகமோ அதன் முன்நிலையோ வந்தது. 30 வீதம் குறைவாக உண்டவற்றில் ஒன்றுக்கும் வரவில்லை.

ஆகவே பரம்பரை மட்டுமே காரணம் என்று இருந்துவிடக் கூடாது. கனடாவில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி அளவு 6.0 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5 இலிருந்து சலரோகம். தெற்காசியர் கூடிய ஆபத்துள்ளோர் பட்டியலில் இருக்கிறார்கள். 40 வயது வரும்வரை காத்திராமல், எங்கள் பிள்ளைகளும் குடும்ப வைத்தியரிடம் இந்தப் பரிசோதனையைக் கேட்கட்டும். இடுப்புச் சுற்றளவையும் அளப்போம்: ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால், சீனி 'நோர்மல்' என்றாலும் சோற்றுக் கோப்பையைச் சிறிதாக்கி நடக்கத் தொடங்குவோம்.