க்னூட் டாலேயின் பதினேழு மெட்டுகள்

நார்வே நாட்டு சங்கீதம் என்று சொன்னால் நம்மில் பலருக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் எட்வர்ட் கிரீக் எழுதிய 'காலைப் பொழுது' என்ற மெட்டை எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்போம். டெலிவிஷன் விளம்பரத்திலோ, யாருடைய செல்போன் மணியாகவோ காதில் விழுந்திருக்கும். முதலில் புல்லாங்குழல், பிறகு ஓபோ, மாறி மாறி ஒரே வரியை வாசிக்கும். ப க ரி ச ரி க என்று தொடங்குவதால் நம் காதுக்கு மோகனம் மாதிரியே இருக்கும். கேட்டதும் பனிமலையும் கடற்கழியும் அதன்மேல் எழும் சூரியனும் கண்ணில் வரும். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்சனின் 'பேர் கிந்த்' நாடகத்தில் அந்த இசை வருகிற இடம் நார்வேயே அல்ல, மொராக்கோ கடற்கரை! வீட்டை விட்டு ஓடிப்போன கதாநாயகன் ஆப்பிரிக்காவில் கண் விழிக்கும் காலை அது.

கிரீக்கைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நார்வேயின் அசல் சரக்கு இருந்த இடம் வேறு என்பதற்காகச் சொல்கிறேன். தெலெமார்க், ஹார்டாங்கர் போன்ற மலைப்பகுதிக் கிராமங்களில், பிடில்காரர்களின் விரல்களில் அது இருந்தது. அந்த விரல்களோடு மண்ணுக்குள் போய்விடவும் இருந்தது. அப்படிப் போகாமல் கொஞ்சமாவது தப்பியதற்கு, க்னூட் டாலே என்ற ஒரு கிழவரின் பிடிவாதம் முக்கியமான காரணம்.

கொஞ்சம் பின்னால் போவோம். நார்வே ஏறத்தாழ நானூறு வருஷம் டென்மார்க் அரசரின் கீழ் இருந்தது. 1814 மே 17-ல் தனக்கென்று ஓர் அரசியல் சாசனம் எழுதிக்கொண்டது. ஆனால் அதே வருஷம் சுவீடன் அரசரின் கீழ் போக வேண்டியதாயிற்று. முழுச் சுதந்திரம் 1905-ல்தான். பட்டணத்தில் எழுத்து டேனிஷ் மொழி, சங்கீதம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 'நாங்கள் யார்?' என்று படித்தவர்கள் தேடத் தொடங்கியபோதுதான் கிராமத்துப் பிடில் அவர்கள் காதில் விழுந்தது.

அது ஹார்டாங்கர் பிடில். சாதாரண வயலினைப் போலத் தோளில் வைத்து வாசிப்பதுதான். மேலே நான்கு தந்தி. அவற்றுக்கு அடியில், வில் படாமல், இன்னும் நான்கு அல்லது ஐந்து தந்திகள் ஓடும். மேலே வாசிக்கும்போது கீழே இருப்பவை தாமாக அதிர்ந்து கூட ஒலிக்கும். நம் சாரங்கியிலும் சிதாரிலும் இதே ஏற்பாடு உண்டல்லவா, அதுதான். குதிரையின் மேல்பக்கம் தட்டையாக இருப்பதால் இரண்டு தந்திகளைச் சேர்த்தே வாசிப்பார்கள். ஒன்றில் மெட்டு, மற்றொன்று சுருதி மாதிரி நிற்கும். சுருதி சேர்க்கும் முறைகளும் ஏராளம். மெட்டுக்கு ஏற்ப மாற்றுவார்கள். முத்துச் சிப்பியும் எலும்பும் பதித்து, உடம்பெல்லாம் மையால் பூக்கோலம் வரைந்து, தலைப்பில் சிங்கமோ யாளி போன்ற ஒன்றோ செதுக்கி, கல்யாணப் பெண் போல அலங்கரித்திருப்பார்கள். இருப்பவற்றில் பழையது என்று சொல்லப்படும் பிடிலில் 1651 என்று வருஷம் பொறித்திருக்கிறது.

கல்யாணப் பெண் என்று சும்மா சொல்லவில்லை. பிடில் இல்லாமல் அங்கே கல்யாணமே இல்லை. மாப்பிள்ளை பெண் ஊர்வலத்துக்கு முன்னால் பிடில்காரர்தான் வாசித்துக்கொண்டு போவார். ஆனால் அதே பிடிலுக்குக் கெட்ட பெயரும் உண்டு. அருவிக்குள் வசிக்கும் ஒரு பூதம்தான் குரு என்று நம்பிக்கை. வியாழக்கிழமை இரவு ஆட்டிறைச்சி கொண்டுபோய்க் கொடுத்தால், அது சீடனின் விரலைப் பிடித்து ரத்தம் வரும்வரை தந்தியில் தேய்த்துச் சொல்லிக்கொடுக்குமாம். இறைச்சி குறைவாக இருந்தால் சுருதி சேர்க்க மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுமாம்! (கொடுத்த தட்சிணைக்குத் தகுந்த பாடம். இது எல்லா ஊருக்கும் பொது போலும்.) 19-ஆம் நூற்றாண்டில் ஹன்ஸ் நீல்சன் ஹவ்கேயைப் பின்பற்றியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கிராமம் கிராமமாகப் பக்தி இயக்கம் நடத்தியபோது பிடில் பிசாசின் வாத்தியமாகிவிட்டது. நாட்டியமும் குடியும் சண்டையும் அதோடு சேர்ந்தே வந்தன என்பதும் உண்மை. மனம் திருந்திய பலர் தங்கள் பிடிலைத் தாங்களே அடுப்பில் போட்டார்கள். பரம்பரையாக வந்த மெட்டுகளும் அதோடு போயின.

அந்தக் காலத்தில்தான் ஊலே புல் வருகிறார். 1810-ல் பெர்கன் நகரில் பிறந்த வயலின் வித்வான். ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் கூட்டம் கூட்டியவர். பெரிய ஆள், பெரிய செலவாளி. பென்சில்வேனியாவில் நார்வேக்காரர்களுக்காக ஒரு குடியேற்றம் தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். பெர்கனில் நார்வே மொழி நாடகத்துக்கென்று 1850-ல் அரங்கம் ஆரம்பித்து, 1851-ல் இப்சன் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தவரும் இவரே. எனக்கு இவரிடம் பிடித்தது வேறொரு காரியம். தெலெமார்க்கில் தொர்கைர் அவுகுன்சன் என்று ஒரு பிடில்காரர் இருந்தார். மாவு மில்காரர் மகன் என்பதால் 'மில்லர்குத்தன்', அதாவது 'மில்காரப் பையன்', என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஏழை. கல்யாணங்களில் வாசித்து வயிறு கழுவியவர். 1849 ஜனவரி 15 அன்று அவரைத் தலைநகர் கிறிஸ்டியானியாவுக்கு (இன்றைய ஓஸ்லோ) வரவழைத்து, கனவான்கள் கூடிய மேடையில் தம் பக்கத்தில் நிற்க வைத்தார் புல். அதுவரை தொழுவத்திலும் முற்றத்திலும் வாசிக்கப்பட்ட சங்கீதத்துக்குக் கச்சேரி மேடையில் கிடைத்த இடம் அது. கைதட்டல் ஓய்ந்ததும் மில்லர்குத்தன் தெலெமார்க்குக்கே திரும்பினார். 1872-ல் அங்கேயே இறந்தார்.

அதே ஊலே புல்தான் 1858 கோடையில் உறவுமுறையில் இருந்த ஒரு வீட்டுக்குப் போய், பதினைந்து வயதுப் பையன் பியானோ வாசிப்பதைக் கேட்டு, 'இவனை லைப்சிக்குக்கு அனுப்புங்கள்' என்று பெற்றோரைச் சம்மதிக்க வைத்தவர். பையன் எட்வர்ட் கிரீக். லைப்சிக்கில் படிப்பும் வந்தது, நுரையீரல் நோயும் வந்தது. ஒரு பக்க நுரையீரல் கடைசிவரை சரியாக வேலை செய்யவில்லை. படித்ததெல்லாம் ஜெர்மன் முறை. பிறகு கோபன்ஹேகனில் ரிக்கார்ட் நூர்ட்ராக்கைச் சந்தித்தார். நார்வே தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவர் இந்த நூர்ட்ராக். 'நம் ஊர்ச் சங்கீதத்தில் நிற்க வேண்டும்' என்று கிரீக்குக்கு உரைக்கும்படி சொன்னவர் அவர். 1866-ல் 23 வயதில் காசநோயில் போய்விட்டார். நோயாளி நண்பரைப் பெர்லினில் விட்டுவிட்டு இத்தாலிக்குப் போய்விட்டோமே என்ற உறுத்தல் கிரீக்குக்கு. நண்பருக்காக ஒரு இறுதி ஊர்வல இசை எழுதினார்.

1868-ல் எழுதிய பியானோ கான்செர்ட்டோவும் 1876-ல் மேடையேறிய 'பேர் கிந்த்' இசையும் அவரை உலகப் புகழ் ஆக்கின. அந்தக் கதை எல்லோரும் சொல்வது, விட்டுவிடுகிறேன்.

1888-ல் கிரீக்குக்குத் தெலெமார்க்கின் தின் பகுதியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் க்னூட் டாலே, பிடில்காரர், 1834-ல் பிறந்தவர். மில்லர்குத்தனிடமும் ஹாவர்ட் கிபெயன் என்ற இன்னொரு பெரியவரிடமும் நேரடியாகக் கற்றவர். தம்மிடம் உள்ள பழைய மெட்டுகளை யாராவது எழுதி வைக்காவிட்டால் தம்மோடு போய்விடும் என்பதுதான் விஷயம். கிரீக் புகழின் உச்சியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம். காரியம் நடக்கவில்லை. 1890-ல் மறுபடி எழுதினார். அப்போதும் நடக்கவில்லை. 1901-ல், 67 வயதில், திரும்பவும் எழுதினார். ஒரு கடிதத்துக்குப் பலன் வராவிட்டால் நாமெல்லாம் என்ன செய்வோம்? பேசாமல் இருந்துவிடுவோம். இவர் பதிமூன்று வருஷம் விடவில்லை.

இந்தத் தடவை கிரீக் அசைந்தார். ஆனால் தாம் எழுதப் போகவில்லை. தாம் பியானோக்காரர், இதற்கு வில் பிடித்த கை வேண்டும் என்று தெரிந்து, யோஹான் ஹால்வர்சனிடம் ஒப்படைத்தார். ஹால்வர்சன் நல்ல வயலின் வித்வான், கிறிஸ்டியானியா தேசிய நாடக அரங்கின் இசை நடத்துநர், கிரீக்கின் அண்ணன் மகளைக் கட்டியவர். 1901 நவம்பரில் டாலே தலைநகருக்கு வந்தார். கிழவர் வாசிக்க வாசிக்க, ஹால்வர்சன் கேட்டுக் கேட்டு நொட்டேஷனில் இறக்கினார். மொத்தம் பதினேழு மெட்டுகள்.

எளிய வேலை அல்ல. அந்த நுணுக்கமான சுழிப்புகள் ஓடையில் துள்ளும் சின்ன மீன் போல, பிடிக்கப் போனால் நழுவிவிடுகின்றன என்று ஹால்வர்சன் கிரீக்குக்கு எழுதினார். கமகத்தை நொட்டேஷனில் எழுதிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஸ்வரங்களும் ஐரோப்பியக் கணக்குக்கு அடங்காதவை. மத்யமம் வர வேண்டிய இடத்தில் நம் பிரதி மத்யமம் போல ஏறி நிற்கும். தாளமோ இன்னும் மோசம். தெலெமார்க்கின் 'ஸ்பிரிங்கார்' நடனத்துக்கு மூன்று அடி என்று பேர், ஆனால் மூன்றும் ஒரே அளவு இல்லை. முதலாவது நீளம், அடுத்தது நடுத்தரம், கடைசி குட்டை. வாசிப்பவர் காலால் தட்டிக் கொண்டே போவார், ஆடுகிறவருக்குத் தெரியும். காகிதத்தில் மூன்று சம அடியாகத்தான் எழுத முடிந்தது.

மெட்டுக்கு மெட்டு ஒரு கதை உண்டு. மில்லர்குத்தனின் கல்யாண ஊர்வல மெட்டு, அவர் விரும்பிய காரி என்ற பெண் வேறொருவனைக் கட்டிக்கொண்டபோது அவர் போட்டது என்பார்கள். இன்னொன்று கீவ்லே பள்ளத்தாக்கின் மூன்று பெண்களைப் பற்றியது. மாதா கோயிலில் பூசை நடக்கும்போது மலைச்சரிவில் ஆட்டுக்கொம்பு ஊதினார்களாம். சனங்கள் எல்லாம் பூசையை விட்டு வெளியே வந்து அதைக் கேட்டு நிற்க, பாதிரியார் சாபம் கொடுத்துப் பெண்கள் கல்லாகிப் போனார்கள்.

1903-ல் லைப்சிக்கின் பீட்டர்ஸ் பதிப்பகம் இரண்டையும் வெளியிட்டது: ஹால்வர்சன் எழுதிய பிடில் வடிவம், அதை வைத்துக் கிரீக் செய்த பியானோ வடிவம். பிந்தையது கிரீக்கின் 72-ஆவது படைப்பு, 'ஸ்லோட்டர்', அதாவது நாட்டுப்புற நடன மெட்டுகள். முன்னுரையில், தெலெமார்க்கின் ஒரு முதிய கலைஞரிடம் கேட்டு எழுதியவை என்று கிரீக் குறிப்பிட்டார். பியானோவில் அடித்தந்தியின் ரீங்காரம் வராதல்லவா? அதற்கு ஈடாக ஒன்றோடொன்று உரசும் ஸ்வரங்களைச் சேர்த்து வைத்தார். இனிமையான கிரீக்கை எதிர்பார்த்தவர்களுக்கு இது கரடுமுரடாக இருந்தது. 1906-ல் கிறிஸ்டியானியாவில் அவரே சிலவற்றை வாசித்தும் ஜனங்கள் அவ்வளவாக ரசிக்கவில்லை. அவருக்கு அது வருத்தம். ஆனால் அதே வருஷம் லண்டனில் பெர்சி கிரெய்ஞ்சர் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் அவற்றை அவர் முன் வாசித்துக் காட்டினார். தம் பியானோ சங்கீதத்தை இவ்வளவு புரிந்து வாசிப்பவரைக் கேட்க அறுபது வயது தாண்டி, அதுவும் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்றே என்று கிரீக் ஆச்சரியப்பட்டார். 1907 செப்டம்பர் 4-ல் கிரீக் காலமானார்.

டாலே அவருக்குப் பிறகும் பதினான்கு வருஷம் இருந்தார். 1921 வரை. அதற்குள் மெழுகு உருளையில் ஒலிப்பதிவு செய்யும் கருவி வந்துவிட்டதால், அவர் வாசிப்பில் கொஞ்சம் பதிவாகியும் இருக்கிறது. மெட்டுகள் பேரன் யோஹான்னஸ் டாலேயின் கைக்கும் போயின. பிற்காலத்தில் க்னூட் புவென் பிடிலிலும் ஐனார் ஸ்டீன் நொக்லபெர்க் பியானோவிலும் வாசித்து வெளிவந்த ஒரு இசைத்தட்டில், ஒவ்வொரு மெட்டும் முதலில் கிராமத்து வடிவத்திலும் உடனே கிரீக்கின் வடிவத்திலும் வருகிறது. கிடைத்தால் கேளுங்கள். பிடிலில் அந்த மூன்று சமமில்லாத அடிகள் நொண்டி நொண்டித் துள்ளுவதும், பியானோவில் அதே அடிகள் நேராக நடப்பதும் சங்கீதம் தெரியாதவர் காதுக்கும் பிடிபடும்.

காகிதத்தில் ஏறிவிட்டால் பிழைத்தது என்று சொல்லவும் முடியவில்லை. அதே நாட்டில் கெய்ர் ட்வைட் என்று ஒருவர், 1908-ல் பிறந்தவர். ஹார்டாங்கர் பகுதியில் பண்ணைவீட்டில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரக் கிழவர்களிடம் ஏறத்தாழ ஆயிரம் மெட்டுகள் சேகரித்தார். அவற்றில் நூறை எடுத்து ஆர்க்கெஸ்ட்ராவுக்காக எழுதினார். ஹார்டாங்கர் பிடிலுக்கே இரண்டு கான்செர்ட்டோ எழுதியவர். அந்தக் கையெழுத்துப் பிரதிகள் பெரும்பாலும் மரவீட்டிலேயே இருந்தன, நகல் கிடையாது. 1970-ல் வீடு தீப்பிடித்தது. வாழ்நாள் படைப்பில் ஐந்தில் நான்கு பங்கு சாம்பல். அதன்பின் அவர் அதிகம் எழுதவில்லை, 1981-ல் இறந்தார். கருகிய தாள்களையும் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களிடம் தங்கிவிட்ட தாள்களையும் வானொலி ஒலிநாடாக்களையும் வைத்துச் சிலவற்றை மீட்டிருக்கிறார்கள். அந்த ஹார்டாங்கர் மெட்டுத் தொகுப்புகளில் இப்போது கச்சேரிகளில் வாசிப்பது ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. மூன்றாவதும் ஆறாவதும் இல்லை.