பத்தாயிரம் கடிதங்களுக்கு எட்டாத பேச்சாளர்

திருச்சியில் எங்கள் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்குப் பேச்சாளர் பிடிக்கிற பொறுப்பு பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. ஜூன் மாதம் வந்தால் என் மேசையில் பயோடேட்டாக்கள் குவியத் தொடங்கும். செயற்குழுவில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். "பெரிய ஆளுங்க, வெளிநாட்டிலெல்லாம் பேப்பர் படிச்சிருக்கார்." நான் கேட்பது ஒன்றே ஒன்று: "நீங்க நேர்ல கேட்டிருக்கீங்களா?" பாதிப் பெயர்கள் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும். இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது 1893ஆம் ஆண்டின் சிகாகோ சர்வமத மகாசபையிலிருந்து. விவேகானந்தர் அங்கே என்ன பேசினார் என்பதைப் பற்றித் தமிழில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அந்த மேடைக்குப் பேச்சாளர்களை எப்படித் தேடினார்கள் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த 400ஆம் ஆண்டைக் கொண்டாட சிகாகோவில் உலகக் கண்காட்சி ஏற்பாடானது. இயந்திரங்களையும் சரக்குகளையும் மட்டும் காட்டினால் போதாது, உலகத்தின் சிந்தனையையும் அங்கே கூட்டவேண்டும் என்று 1889இல் யோசனை சொன்னவர் சார்லஸ் கரோல் போனி என்ற வழக்கறிஞர். அதன்படி மருத்துவம், சட்டம், கல்வி, பெண்கள் முன்னேற்றம் என்று ஏறக்குறைய 200 மாநாடுகள் நடந்தன. அவற்றில் ஒன்றுதான் சர்வமத மகாசபை. அதற்கு 16 பேர் கொண்ட குழு அமைத்தார்கள். தலைவர், சிகாகோ முதல் பிரஸ்பிடேரியன் தேவாலயத்தின் போதகர் ஜான் ஹென்றி பரோஸ்.

பரோஸ் வேலை செய்த விதத்தைப் படிக்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கும். தொலைபேசியில் கூப்பிட்டுப் பேச முடியாத காலம். இந்தியாவுக்குக் கடிதம் கப்பலில் போய் பதில் வர மாதங்கள் ஆகும். 1891 ஜூனில் முதல் அறிவிப்பை உலகெங்கும் அனுப்பினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் போயின. ஒவ்வொரு நாட்டிலும் ஆலோசகர்களைச் சேர்த்துக்கொண்டார். அந்த ஆலோசனைக் குழு கடைசியில் மூவாயிரம் பேரைத் தாண்டியது. நம் சென்னையிலிருந்து 'தி ஹிந்து' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் கிறிஸ்தவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லரும் அதில் இருந்தார்கள். இன்றைக்கு உலக மாநாடு நடத்துகிறவர்கள்கூட இத்தனை அகலமாக வலை வீசுவதில்லை.

மறுத்தவர்களும் உண்டு. கேன்டர்பரி பேராயர் வர மறுத்தார். கிறிஸ்தவத்தை மற்ற மதங்களோடு சமமாக உட்கார வைப்பது தமக்கு உடன்பாடில்லை என்றார். துருக்கி சுல்தானும் ஆதரிக்கவில்லை. பரோஸ் சார்ந்திருந்த பிரஸ்பிடேரியன் சபையே 1892இல் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகும் அவர் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு அவரை வணங்கலாம்.

வந்து சேர்ந்தவர்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தால் சில வழிகள் தெளிவாகத் தெரிகின்றன. கல்கத்தாவின் பிரம்ம சமாஜத் தலைவர் பிரதாப் சந்திர மஜும்தார் 1883இலேயே அமெரிக்காவில் சுற்றிப் பேசியவர். அவர் எழுதிய கிறிஸ்துவைப் பற்றிய நூல் பாஸ்டனில் வெளியாகியிருந்தது. அவரை அமெரிக்கர்கள் கேட்டிருந்தார்கள், அதனால் கூப்பிட்டார்கள். இலங்கையின் அநகாரிக தர்மபாலாவை மகாபோதி சங்கத்தின் இதழ் வழியாகப் பரோஸ் அறிந்தார். சீனாவின் சார்பில் பேச, வாஷிங்டனில் சீனத் தூதரகத்தில் இருந்த அதிகாரி ஒருவரே கிடைத்துவிட்டார். ஜப்பானிலிருந்து வந்த ஜென் துறவி ஷாகு சோயனுக்கு ஆங்கிலம் வராது. அவருடைய உரையை மொழிபெயர்த்தவர், பிற்காலத்தில் ஜென் பற்றி உலகத்துக்கே எழுதிய டி. டி. சுசூகி.

சமண மதத்துக்கு வந்த சிக்கல் வேறு மாதிரி. அழைப்பு போனது ஆத்மாராம்ஜி என்ற விஜயானந்த சூரிக்கு. சமணத் துறவி வாகனம் ஏறமாட்டார், கடல் தாண்டமாட்டார். வரமுடியாது என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தமக்குப் பதிலாக ஒருவரைத் தயார் செய்தார். இந்திய சமணச் சங்கத்தின் செயலாளராக இருந்த வீர்சந்த் ராகவ்ஜி காந்தியை அழைத்து, மாதக்கணக்கில் பக்கத்தில் வைத்துச் சமண தத்துவம் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். வீர்சந்த் காந்தி சிகாகோவில் நன்றாகப் பேசினார், பிறகும் அமெரிக்காவில் தங்கிப் பல ஊர்களில் உரையாற்றினார். தன்னால் வர இயலாதபோது தகுந்த ஆளை உருவாக்கித் தந்த ஆத்மாராம்ஜி, எந்த அழைப்புக் குழுவும் நன்றியோடு நினைக்கவேண்டிய மனிதர்.

இத்தனைக்கும் நடுவே, அந்தச் சபையின் பெயரையே இன்றுவரை தாங்கி நிற்கும் பேச்சாளர் பரோஸின் கடிதங்கள் எதிலும் அகப்படவில்லை. மூவாயிரம் ஆலோசகர்களில் எவரும் அவரை முன்மொழிந்ததாகத் தெரியவில்லை. அவரைக் கண்டுபிடித்தவர்கள் சென்னை இளைஞர்கள்.

1893 தொடக்கத்தில் விவேகானந்தர் சென்னைக்கு வந்து, சாந்தோமில் மன்மதநாத் பட்டாச்சாரியா வீட்டில் தங்கியிருந்தார். மாலையானால் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கத்துப் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் அங்கே போய்விடுவார்கள். கேள்வி கேட்பார்கள், வாதம் செய்வார்கள், திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் அளசிங்கப் பெருமாள், பச்சையப்பன் கல்வி நிலையத்தைச் சேர்ந்த ஆசிரியர், அப்போது முப்பது வயதுகூட ஆகாதவர். சிகாகோவுக்கு விவேகானந்தர் போகவேண்டும் என்று முடிவு செய்ததும் அவர் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டினார். முதலில் சேர்ந்த 500 ரூபாயை விவேகானந்தர் ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். தாம் போகவேண்டுமா என்பதில் அவருக்கே தெளிவு வரவில்லை. அளசிங்கர் சலிக்கவில்லை. மறுபடியும் துண்டேந்தினார். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி, மைசூர் மகாராஜா, கேத்ரி மன்னர் எல்லாரும் உதவியது உண்மை. ஆனாலும் நடுத்தரக் குடும்பங்களிடம் கையேந்திய அந்த ஆசிரியரின் உழைப்பு இல்லாமல் கப்பல் சீட்டு வந்திருக்காது. 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பல் புறப்பட்டபோது வழியனுப்ப அவரும் போயிருந்தார்.

இங்கே ஒரு குறையையும் சொல்லவேண்டும். அழைப்புக் கடிதம் வேண்டும், சான்று வேண்டும் என்பது அந்த இளைஞர்களுக்குத் தோன்றவே இல்லை. போய் நின்றால் பேசவிடுவார்கள் என்று நம்பினார்கள். ஜூலை கடைசியில் சிகாகோ போய்ச் சேர்ந்த விவேகானந்தருக்கு, சபை செப்டம்பரில்தான் கூடும், சான்று இல்லாமல் சேர்க்கமாட்டார்கள், பெயர் பதியும் தேதியும் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. கையிலிருந்த பணம் கரைந்துகொண்டிருந்தது. செலவு குறையும் என்று பாஸ்டன் பக்கம் போனார். ஆகஸ்ட் கடைசியில் ஆனிஸ்குவாம் என்ற கடற்கரை ஊரில், ஹார்வர்டில் கிரேக்கம் கற்பித்த ஜான் ஹென்றி ரைட் அவரைச் சில நாள் தங்கவைத்து, அவர் பேசியதைக் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் பிரதிநிதிகளைத் தேர்வு செய்யும் குழுவுக்குக் கடிதம் எழுதினார். நம் பேராசிரியர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் இவருடைய கல்விக்கு ஈடாகாது என்ற பொருளில் அந்தக் கடிதம் இருந்ததாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ரயில் சீட்டும் அவரே வாங்கித் தந்தார்.

சிகாகோவில் இறங்கியபோது முகவரிச் சீட்டு தொலைந்துபோயிருந்தது. ரயில் நிலையச் சரக்குப் பெட்டி ஒன்றில் இரவைக் கழித்தார். மறுநாள் நடந்து களைத்துத் தெருவோரம் உட்கார்ந்திருந்தவரை எதிர்வீட்டிலிருந்து வந்த ஹேல் அம்மையார் பார்த்து, நீங்கள் மகாசபைப் பிரதிநிதியா என்று கேட்டு, உணவளித்து, அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். செப்டம்பர் 11 அன்று பிற்பகல், பலமுறை தள்ளிப்போட்ட பிறகு, அவர் எழுந்து பேசினார். அதற்குப் பிந்தைய நாட்களில், கூட்டம் கலையாமல் இருக்க அவர் பேச்சைக் கடைசிக்கு வைத்தார்கள் என்று பாஸ்டன் நாளிதழ் ஒன்று அப்போதே எழுதியது. நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்கள் இன்றும் அப்படித்தான் போடுகிறோம்.

அதன் பிறகு அவரைத் தேடி வந்தது தொழில்முறை ஏஜென்சி. அமெரிக்காவில் பேச்சாளர்களை ஊர் ஊராக அனுப்புவது அதற்குள் ஒரு வியாபாரமாகியிருந்தது. 1868இல் பாஸ்டனில் ஜேம்ஸ் ரெட்பாத் தொடங்கிய அலுவலகம் நூற்றுக்குப் பத்து கமிஷனில் எமர்சன், மார்க் ட்வைன், பிரடெரிக் டக்ளஸ் போன்றவர்களுக்குக் கூட்டம் ஏற்பாடு செய்தது. சிகாகோவில் ஸ்லேட்டன் என்ற பீரோ விவேகானந்தரோடு ஒப்பந்தம் போட்டது. ஓயாத பயணம், கண்டபடி ஊர்கள். ஒரு பேச்சுக்கு 2,500 டாலர் வசூலாகியும் தன் கைக்கு வந்தது 200 டாலர்தான் என்று அவரே 1894இல் கடிதத்தில் எழுதினார். டெட்ராய்ட் நண்பர்களின் உதவியால் அதே ஆண்டில் அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார்.

நம் சங்கங்களிலும் இப்போது ஏஜென்சிகள் வந்துவிட்டன. அனுப்பும் பட்டியலில் புகைப்படம், விருதுகள், கட்டணம் எல்லாம் இருக்கும். இந்த மனிதர் பேசும்போது பின்வரிசையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவாரா என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. அதைச் சொல்லக்கூடியவர் கேட்டவர் மட்டும்தான். சிகாகோ மேடைக்காக அளசிங்கரும் ரைட்டும் தந்தது அந்த ஒரு சான்றைத்தான்.

பேச்சாளர் தேடும் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பட்டியலைப் பிறகு பாருங்கள். முதலில் உங்கள் ஊர் நூலகக் கூட்டத்துக்கும், கல்லூரிக் கருத்தரங்குக்கும், பக்கத்து ஊர்ச் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். பிடித்த ஒருவர் கிடைத்தால் அழைப்புக் கடிதம், தேதி, பயணச்சீட்டு, தங்குமிடம், இறங்கியதும் கூப்பிட ஒரு தொலைபேசி எண் இத்தனையும் அவர் கையில் சேர்ந்துவிட்டதா என்று சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.