மணிக்கட்டில் ஏறிய கடிகாரம்

ஆடவர் கையில் கடிகாரம் கட்டுவதை இழுக்கு என்று உலகம் கருதிய காலம் ஒன்று இருந்தது. அது மிகப் பழங்காலமும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்கூட ஐரோப்பிய ஆடவர் தம் கடிகாரத்தைச் சங்கிலியில் கோத்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தனர். மணிக்கட்டில் அணியும் சிறு கடிகாரம் பெண்டிர்க்குரிய வளையல் போன்றதோர் அணிகலனாகவே எண்ணப்பட்டது. அந்த அணிகலன் வெயிலிலும் மழையிலும், மலையிலும் கடலிலும் துணைநிற்கும் கருவியாக மாறியது எவ்வாறு? அம்மாற்றத்துக்கு விலை கொடுத்தவர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதல் மாற்றம் குதிரையின் முதுகில் தொடங்கிற்று எனலாம். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் ஆயுதமும் ஏந்திய படைத்தலைவனுக்குச் சட்டைப்பையைத் துழாவ மூன்றாவது கை ஏது? ஆகவே பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் தம் பைக்கடிகாரத்தைத் தோலாலான கிண்ணம் ஒன்றில் பொருத்தி, வாரால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டனர். அழகு கருதியன்று, வேலை கருதியே கடிகாரம் ஆடவர் கைக்கு ஏறியது.

1914-இல் மூண்ட முதல் உலகப்போர் இவ்வழக்கத்தை இன்றியமையாததாக்கியது. அப்போரில் பீரங்கிப் படையும் காலாட்படையும் ஒரே கால அட்டவணைப்படி இயங்கவேண்டியிருந்தது. முன்னேறும் வீரர்களுக்கு முன்னால் குண்டுமாரியாகிய திரை குறித்த நிமிடந்தோறும் குறித்த தொலைவு நகர்ந்து செல்லும். கடிகாரம் சில நிமிடம் முந்தினால் வீரன் தன் படையின் குண்டுக்கே இரையாவான். பிந்தினால் பகைவன் பதுங்குகுழியிலிருந்து எழுந்துவிடுவான். 1916 ஜூலை 1-ஆம் நாள், பிரான்சு நாட்டின் சோம் ஆற்றங்கரையில், காலை 7.30 மணிக்கு ஊதல் ஒலித்தபோது, அதிகாரிகளின் கைக்கடிகாரங்கள் முன்கூட்டியே ஒன்றோடொன்று ஒத்துவைக்கப்பட்டிருந்தன. கண்ணாடி உடையாதிருக்க அதன்மேல் உலோகச் சட்டம் பொருத்தும் வழக்கமும் அப்பொழுது பரவியது. அப்போர்முனையிலிருந்து திரும்பியவன் கையில் இருந்ததை வளையல் என்று எள்ளி நகையாட யாருக்கு மனம் வரும்? அன்றோடு அந்த இழிவுரை ஒழிந்தது.

ஆயினும் இருள் ஓர் இடையூறாக நின்றது. இரவில் தீக்குச்சி கிழித்து நேரம் பார்ப்பவன் பகைவனுக்குத் தன்னைக் காட்டிக்கொடுத்தவன் ஆவான். இதற்கு மருந்தாக வந்தது ரேடியம். 1898-இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் கண்டறிந்த அப்பொருளை நாக சல்பைடுடன் கலந்து முட்களிலும் எண்களிலும் பூசினர். ரேடியத்தின் கதிர்கள் தாக்க, அப்பூச்சு இரவெல்லாம் தானே ஒளிர்ந்தது.

மாணவ நண்பர்களே, அந்த ஒளியைப் பூசியவர்களை நாம் மறத்தலாகாது. அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரிலும் பிற இடங்களிலும் இளம்பெண்கள் பலர் கடிகார முகப்புகளுக்கு வண்ணம் தீட்டினர். தூரிகையின் நுனி கூர்மையாக இருக்க, அதனை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பூச்சினால் தீங்கில்லை என்றும் சொல்லப்பட்டது. ரேடியமோ உடலினுள் சென்றால் சுண்ணாம்புச் சத்தைப் போல எலும்பில் தங்கிவிடும் இயல்பினது. பல் உதிர்ந்தது, தாடை எலும்பு அழுகியது, பலர் இளமையிலேயே மாண்டனர். 1927-இல் கிரேஸ் பிரையர் என்பாரும் வேறு நால்வரும் நீதிமன்றம் ஏறினர். நோயால் கையை உயர்த்திச் சத்தியம் செய்யவும் இயலாத நிலையில் இருந்தோரும் அவருள் உண்டு. 1928-இல் ஒவ்வொருவருக்கும் 10,000 டாலர் இழப்பீடும், ஆண்டுதோறும் 600 டாலரும், மருத்துவச் செலவும் தருவதென உடன்பாடு ஏற்பட்டது. அவர்தம் துன்பத்திலிருந்து கிடைத்த அறிவே, உடலில் எவ்வளவு ரேடியம் தங்கலாம் என்னும் வரம்பை 1941-இல் அமெரிக்காவில் வகுக்கத் துணைசெய்தது.

அடுத்த பகைவர்கள் தூசியும் நீரும். சாவி கொடுக்கும் குமிழின் துளை வழியாகவே இவ்விரண்டும் உட்புகுந்து பொறியைக் கெடுத்தன. கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலில் இதனைக் கண்ட ஜான் ஹார்வுட் என்னும் ஆங்கிலேயர், கையின் அசைவினாலேயே சாவி ஏறும் கைக்கடிகாரம் ஒன்றை அமைத்து, 1924-இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். அதில் குமிழே இல்லை. ஹான்ஸ் வில்ஸ்டார்ப் நடத்திய ரோலெக்ஸ் நிறுவனம் மற்றொரு வழி சென்றது. கூட்டையும் குமிழையும் மரையிட்டு இறுக மூடும் ‘ஆய்ஸ்டர்’ கடிகாரத்தை 1926-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில், மெர்சிடிஸ் கிளைட்சே என்னும் பெண்மணி ஆங்கிலக் கால்வாயில் நீந்தியபோது அதனைக் கழுத்தில் அணிந்திருந்தார். கடுங்குளிரால் கரை சேர இயலாமல், பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்திய பின் அவரைப் படகில் ஏற்றினர். கடிகாரமோ நிற்கவில்லை.

1953-ஆம் ஆண்டு இக்கதையில் சிறப்பானது. அவ்வாண்டு மே 29-ஆம் நாள் டென்சிங்கும் ஹில்லரியும் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தனர். அப்பயணக் குழுவுக்கு ஸ்மித்ஸ், ரோலெக்ஸ் ஆகிய இரு நிறுவனங்களும் கடிகாரம் வழங்கியிருந்தன. அதே ஆண்டில், பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்கென ‘பிஃப்டி பாதம்ஸ்’ என்னும் கடிகாரத்தைப் பிளாங்பேன் நிறுவனம் செய்தளித்தது. அதன் முகப்பைச் சுற்றிச் சுழலும் வளையம் ஒன்று உண்டு. மூழ்கும் கணத்தில் வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பினால், கழிந்த நிமிடங்களை அப்படியே படிக்கலாம். பின்னாளில் இவ்வளையம் ஒரே திசையில் மட்டும் திரும்புமாறு அமைக்கப்பட்டது. தவறிப் பட்டு அது நகர்ந்தாலும், கழிந்த நேரம் கூடுதலாகவே தோன்றும். மூச்சுக்காற்று தீருமுன் வீரன் மேலே வந்துவிடுவான். பிழை நேர்ந்தாலும் உயிர் காக்கும் பிழையாகவே அது இருக்கட்டும் என்பது எத்துணை நுண்ணிய சிந்தனை!

படைவீரனுக்கும் முக்குளிப்போனுக்கும் அமைந்த இவ்வியல்புகள் நாளடைவில் எல்லார் கைக்கும் வந்தன. நில அளவையாளர், வனக்காவலர், மிதிவண்டியில் செல்வோர் என வெளியில் உழைப்போர் யாவர்க்கும் அவை பயன்பட்டன. கைப்பேசி நேரம் காட்டும் இந்நாளிலும், இரு கையும் வேலையில் இருப்பவனுக்கு அக்குதிரை வீரனின் இடர்ப்பாடு தீர்ந்துவிடவில்லை. அவனுக்கு மணிக்கட்டே ஏற்ற இடம்.

இக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் ஒளிரும் பூச்சு நஞ்சற்றது. பகலில் ஒளியை வாங்கி இரவில் உமிழ்வது. 1993-இல் ஜப்பானில் வெளிவந்த ஒரு பூச்சே அதற்கு வழிகாட்டி. பழைய ரேடியக் கடிகாரங்களோ இன்று இருளில் ஒளிர்வதில்லை. ஒளி உமிழ்ந்த நாக சல்பைடு தேய்ந்துவிட்டது. ஆனால் ரேடியம் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் வேண்டும். அத்தகைய கடிகாரம் உங்கள் இல்லத்தில் இருக்குமாயின், அதனைத் திறக்கவோ பூச்சைச் சுரண்டவோ முற்படாதீர்கள். ஒளி அணைந்த பின்னும் அதன் விலை இன்னும் முற்றும் கொடுத்துத் தீரவில்லை. ஒரு கருவியைக் கையில் எடுக்கும்போது, அது என்ன செய்யும் என்று கேட்பதோடு, அதனைச் செய்தவர் நலமாக இருந்தனரா என்றும் கேட்கப் பழகுவோமாக.