காகிதம் சரி, கொண்டு வந்தவர் யார்?

எனக்குத் தெரிந்தது கணிப்பொறி. அதில் ஒரு சின்னச் சரித்திரம் சொல்கிறேன்.

1954 நவம்பர் 1 வரை நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. கோட்டுச்சேரியிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே வேறு ஆட்சி. எந்த எல்லைச் சாவடியிலும் கேள்வி இரண்டு. காகிதம் ஒழுங்கா இருக்கா? இதைக் கொண்டுவர உனக்கு உரிமை இருக்கா? முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததால் இரண்டாவது தீர்ந்துவிடாது.

கணிப்பொறிக்குள் அந்தச் சாவடியின் பெயர் கர்னல். ஒரு ஃபைலை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. யூனிக்ஸ் இதற்கு 9 பிட்டுகளே போதும் என்றது. உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் படிக்க, எழுத, இயக்க அனுமதி. சிக்கனம்தான். ஆனால் "இந்த ஒருத்தருக்கு மட்டும் காட்டு" என்றால் தடுமாறும். யூனிக்ஸுக்கு முந்தைய மல்டிக்ஸில் ஆள்வாரியாக அனுமதிப் பட்டியல் இருந்தது. அதைப் போல யூனிக்ஸ் வகைக்கும் கொண்டுவர எழுதிய போசிக்ஸ் வரைவு 1998-இல் பாதியில் கைவிடப்பட்டது. ஆனாலும் அந்த வரைவை வைத்தே ஆண்ட்ரியாஸ் குருயென்பாகர் முதலானோர் லினக்ஸுக்கு எழுதினார்கள். 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் அது இடம்பெற்றது.

பட்டியலைக் கர்னல் அப்படியே நம்பாது. தலைப்பு 4 பைட், ஒவ்வொரு பதிவும் 8 பைட். கணக்கு இடித்தால் தள்ளுபடி. உரிமையாளர், குழு, மற்றவர் பதிவு தலா ஒன்றுதான் இருக்கணும். வரிசை மாறக்கூடாது. தனி ஆளின் பெயரில் பதிவு இருந்தால், அதிகபட்ச அனுமதியைச் சொல்லும் 'மாஸ்க்' பதிவும் கட்டாயம்.

இத்தனை இருந்தும் ஓட்டை விழுந்தது. நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் என்.எஃப்.எஸ். சர்வர் பகுதியை 2014-இல் மாற்றி எழுதினார்கள். பட்டியலை நேராக ஃபைல் சிஸ்டத்திடம் கொடுக்கும்படி வழி சுருங்கியது. பழைய வழியில் இருந்த "நீ உரிமையாளரா?" என்ற சோதனை அதில் விடுபட்டுப் போனது. யார் வேண்டுமானாலும் பிறர் ஃபைலுக்குப் பட்டியல் எழுதித் தனக்கே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்! மாணவர் கணக்கும் மார்க் ஃபைலும் ஒரே சர்வரில் இருக்கும் கல்லூரி லேபை நினைத்துப் பாருங்கள். 2016-இல்தான் திருத்தினார்கள். புதிய பொது வழியில் முதலில் ஆளைச் சரிபார்த்து, பிறகு பட்டியலைச் சரிபார்த்து, அப்புறம்தான் எழுதுகிறது.

தம்பி தங்கைகளே, புரோகிராமைச் சுருக்குவது நல்ல பழக்கம். ஆனால் சுருக்கும்போது நீக்குகிற வரி எந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். அந்த ஓட்டை இரண்டு வருஷம் திறந்து கிடந்தது, பட்டியலில் பிழை இருந்ததால் அல்ல. கொண்டு வந்தவரை யாரும் கேட்காததால்.