மகாபலிபுரத்தோட திரும்பிடாதீங்க... கடலும் கழியும் காவல் காக்கும் ஆலம்பரைக் கோட்டை!

ஈ.சி.ஆரில் பைக் எடுத்தா மாமல்லபுரத்திலேயே யூ-டர்ன் போடுற ஆளா நீங்க? அடுத்த முறை இன்னும் சுமார் 50 கி.மீ தெற்கே போய்ப் பாருங்க. செங்கல்பட்டு மாவட்டம் முடியப்போகிற இடத்தில், கடப்பாக்கம் அருகே இடிந்து நிற்கிறது ஆலம்பரைக் கோட்டை. சுவருக்குக் கீழே உப்பங்கழி, அதற்கு அப்பால் நீளமான மணல்திட்டு, அதையும் தாண்டினால் வங்கக் கடல். இந்தப் பகுதியின் பழைய பெயரே இடைக்கழிநாடு!

யார் கோட்டை இது?

17-ம் நூற்றாண்டின் இறுதியில், முகலாயர் காலத்தில் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது. பிறகு ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கானின் கைக்கு வந்தது. கப்பல் துறை, நாணயச் சாலை எனப் பரபரப்பாக இருந்த ஊர். 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவிடம் போனது. பத்தே வருஷம்தான். 1760-ல் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுப் படை தோற்க, அதே ஆண்டில் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். பீரங்கிக்குத் தப்பிய சுவர்களை 2004 சுனாமியும் பதம் பார்த்தது.

என்ன பார்க்கலாம்?

கழிக்குள் நீண்டு கிடக்கும் பழைய துறையின் மிச்சத்தைத் தவறவிடாதீங்க. கழுவேலி ஏரியின் தண்ணீர் கடலில் கலப்பது இந்தப் பக்கம்தான். அதனால், குளிர்காலத்தில் இந்தக் கழிப் பகுதிகளுக்குப் பூநாரை, கூழைக்கடா எல்லாம் வரும். பைனாகுலர் இருந்தா எடுத்துக்கோங்க. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடும் சீஸன்.

எப்படிப் போவது?

சென்னை - புதுச்சேரி ஈ.சி.ஆர் பஸ்ஸில் கடப்பாக்கத்தில் இறங்கி, கடற்கரைப் பக்கம் திரும்பணும். நவம்பர் மழை ஓய்ந்த பிறகு, பிப்ரவரி வரை பெஸ்ட். நிழல் குறைவு என்பதால் காலையிலேயே போயிடுங்க. தண்ணீர், சாப்பாடு கையோடு இருக்கட்டும்.

இதை மட்டும் செய்யாதீங்க!

* செல்ஃபிக்காகச் சுவர் மேல ஏறாதீங்க. செங்கல் பெயரும், நீங்களும் விழுவீங்க.
* முகத்துவாரத்தில் நீரோட்டம் வேகமாக இருக்கும். அங்கே குளிக்க இறங்கவே வேண்டாம்.
* ஆமை சீஸனில் இரவில் கரையில் டார்ச், மொபைல் லைட் அடிக்காதீங்க. குஞ்சுகள் கடல் எதுன்னு தெரியாம திசை மாறிடும்.
* கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்துடுங்க.

பீரங்கியும் சுனாமியும் விட்டுவைத்தது கொஞ்சம்தான். அதுல ஒரு செங்கல்கூட நம்மால உதிர வேண்டாமே!