வேலைத்தள போட்டோக்கள் யாருடைய போனில் இருக்கின்றன? சிறு நிறுவனங்கள் அவற்றை கிளவுடில் அடுக்கி வைப்பது எப்படி?

புனேவில் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் பொருத்தும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பத்து பேர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலை முடித்துக் கொடுத்த ஒரு வீட்டிலிருந்து போன் வருகிறது.

"மாடியில தண்ணி கசியுது. நீங்க ட்ரில் போட்டதாலதான் விரிசல் வந்திருக்கு."

வேலை தொடங்கும் முன்பே அந்த விரிசல் இருந்தது உரிமையாளருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று போட்டோவும் எடுத்தார்கள். ஆனால், அந்த போட்டோ யாரிடம் இருக்கிறது?

எடுத்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். வாட்ஸ்அப் குழுவில் தேடினால் மங்கலான ஒரு சதுரம் மட்டும் தெரிகிறது, படம் திறக்கவில்லை. கடைசியில் நிறுவனம் தன் செலவில் பூச்சு வேலை செய்து கொடுக்கிறது.

இது கற்பனைதான். ஆனால் ஏசி சர்வீஸ், இன்டீரியர், பெயிண்டிங், கேட்டரிங் என்று எந்தத் தொழில் செய்பவரிடம் சொன்னாலும் "எங்களுக்கும் இப்படி நடந்திருக்கு" என்பார்கள்.

இதைத் தவிர்க்க என்ன செய்யலாம்?

எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்?

தொழிலைப் பொறுத்து இது மாறும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், 3 கிலோவாட் மற்றும் அதற்கு மேல் பேனல் பொருத்தும் வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. அதில் பொருத்திக் கொடுக்கும் நிறுவனத்துக்கு 5 ஆண்டு பராமரிப்புப் பொறுப்பு உண்டு. அப்படியானால் பேனலின் வரிசை எண் ஒட்டிய ஸ்டிக்கர் போட்டோ குறைந்தது 5 ஆண்டுகள் கையில் இருக்க வேண்டும்.

கட்டுமானத்திலும் இதே கணக்குதான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி, வீடு ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு கட்டியவருடையது.

ஐந்து ஆண்டுகளில் ஒரு ஊழியர் இரண்டு போனாவது மாற்றிவிடுவார். அவர் போனை நம்பி ஆவணத்தை வைத்திருக்க முடியாது.

வாட்ஸ்அப் குழு போதாதா?

வேலை நடக்கும் நேரத்தில் தகவல் சொல்ல வாட்ஸ்அப் நல்ல வழி. ஆனால் அது சேமிப்புக் கிடங்கு அல்ல. காரணம் மூன்று.

முதலாவது, படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஸ்டிக்கரில் உள்ள சிறிய எழுத்துகள் படிக்க முடியாமல் போகலாம்.

இரண்டாவது, போட்டோவுக்குள் மறைந்திருக்கும் தகவல்கள், அதாவது எடுத்த நேரம், இடம், கேமரா விவரம் எல்லாம் இந்தப் பயணத்தில் கழன்றுவிடும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் படத்தின் கோப்புப் பெயரில் ஒரு தேதி இருக்குமே என்று கேட்கலாம். அது படம் எடுத்த தேதி என்று நம்ப முடியாது. மார்ச்சில் எடுத்ததை ஜூனில் ஃபார்வர்டு செய்தால் ஜூன் தேதிதான் வரும்.

மூன்றாவது, குழுவில் "குட் மார்னிங்" படங்களும் வேலைப் படங்களும் ஒன்றாகவே கிடக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். அப்போது மூலக் கோப்பு மாறாமல் போய்ச் சேரும்.

இலவச 15 ஜிபி எத்தனை நாள் தாங்கும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 2 தளங்கள், தளத்துக்கு 20 படங்கள் என்றால் 40 படங்கள். மாதம் 25 வேலை நாட்களில் 1,000 படங்கள். ஒரு படம் சுமார் 4 எம்பி என்றால் மாதத்துக்கு 4 ஜிபி.

கூகுள் கணக்கு இலவசமாகத் தருவது 15 ஜிபி. நான்காவது மாதம் முடிவதற்குள் அது நிரம்பிவிடும். அந்த 15 ஜிபியும் டிரைவ், ஜிமெயில், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. இடம் நிரம்பினால் மெயில் வருவதும் நின்றுபோகலாம். வாடிக்கையாளர் அனுப்பிய ஆர்டர் மெயில் உங்களை வந்து சேராது.

கூகுள் போட்டோஸில் 'எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம்' என்ற சலுகை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே ஓராண்டுக்கு 48 ஜிபி தேவை என்று தெரிந்தே திட்டமிடுங்கள்.

ஃபோல்டர் யார் பெயரில் இருக்க வேண்டும்?

பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

தனிநபர் கூகுள் கணக்குகளில், நீங்கள் பகிர்ந்த ஃபோல்டருக்குள் ஊழியர் ஒரு படத்தைப் பதிவேற்றினால் அந்தப் படத்தின் உரிமையாளர் அவர்தான், நீங்கள் அல்ல. இடமும் அவர் கணக்கில்தான் கழியும். அவர் தன் கணக்கை அழித்தால் படமும் போய்விடும். ஃபோல்டர் மட்டும் உங்களிடம் மிஞ்சும்.

கூகுள் வொர்க்ஸ்பேஸ் கட்டணத் திட்டங்களில் 'ஷேர்டு டிரைவ்' என்ற வசதி இருக்கிறது. அதில் போடப்படும் கோப்புகள் நிறுவனத்துக்கே சொந்தம். ஊழியர் விலகினாலும் படங்கள் அங்கேயே இருக்கும்.

அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அணிக்கு ஒரு நிறுவன போன் கொடுத்து, தளத்தில் படம் எடுக்க அதையே பயன்படுத்தச் சொல்லலாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் மீட்பு எண்ணையும் உரிமையாளர் தன் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும்.

எப்படிப் பெயர் வைப்பது?

வாடிக்கையாளர் பெயரில் ஃபோல்டர் போடுவதுதான் வழக்கம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'லக்ஷ்மி' என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு மாதிரி, இன்னொருவர் வேறு மாதிரி எழுதுவார். மராத்தி, இந்தி, தமிழ் பேசுபவர்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் குழப்பம் இன்னும் கூடும். டேட்டா வேலை செய்கிறவர்கள் தினமும் மல்லுக்கட்டும் பிரச்னை இது.

எண்ணுக்கு எழுத்துப்பிழை குறைவு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வேலை எண் கொடுங்கள். பில்லில் இருக்கும் எண்ணாகவே இருந்தால் இன்னும் நல்லது. அமைப்பு இவ்வளவு போதும்:

• முதல் நிலை: ஆண்டு. (2025)
• இரண்டாம் நிலை: தொடங்கிய தேதி, வேலை எண், பகுதி. (2025-03-14_0127_கோத்ரூட்)
• மூன்றாம் நிலை: 1-முன், 2-வேலையின்போது, 3-முடிந்தபின், 4-வரிசை எண்கள்.

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கணினி இடமிருந்து வலமாகப் படித்துத்தான் வரிசைப்படுத்தும். 14-03-2025 என்று எழுதினால் எல்லா மாதத்து 14-ஆம் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரமும் ஆண்டை முதலில் எழுதத்தான் சொல்கிறது.

ஒவ்வொரு படத்துக்கும் பெயர் மாற்றச் சொல்லாதீர்கள். முதல் வாரம் செய்வார்கள், அடுத்த வாரம் விட்டுவிடுவார்கள். சரியான ஃபோல்டரில் விழுந்தால் போதும். முதல் படமாக, வேலை எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஃபோல்டர் மாறினாலும் அந்தப் படம் காட்டிக்கொடுக்கும்.

நீதிமன்றத்தில் செல்லுமா?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தின் 63-வது பிரிவு மின்னணுப் பதிவுகளைப் பற்றிப் பேசுகிறது. படத்தோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும். அதில் எந்தக் கருவியில் உருவானது என்பதும், கோப்பின் கைரேகை போன்ற 'ஹாஷ்' மதிப்பும் இடம்பெறும்.

கோப்பில் சிறு மாற்றம் செய்தாலும் ஹாஷ் மாறிவிடும். எனவே வெட்டுவது, வட்டம் போடுவது, ஃபில்டர் சேர்ப்பது எல்லாவற்றையும் நகலில் செய்யுங்கள். மூலப் படத்தைத் தொடாதீர்கள்.

யார் பார்க்கலாம்?

'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்ற அமைப்பு வசதியானதுதான். ஆனால் அந்த லிங்க் எங்கே போகும் என்பது உங்கள் கையில் இல்லை. வாடிக்கையாளரின் ஆதார், மின்கட்டண ரசீது போன்ற படங்களைத் தளப் படங்களோடு கலக்காமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். அதை ஓரிருவர் மட்டும் திறக்க முடிய வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 சிறு நிறுவனங்களையும் தொடும்.

ஊழியர் விலகும் நாளில் சாவியை வாங்குவது போலவே, ஃபோல்டர் அனுமதியையும் நீக்குங்கள்.

கிளவுடில் இருந்தால் பேக்கப் ஆகிவிட்டதா?

இல்லை. ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. ஒருவர் தவறுதலாக ஃபோல்டரை அழித்தால் எல்லோருக்கும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் இருக்கும், பிறகு போயே போய்விடும்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய 3-2-1 விதி இங்கே உதவும். மூன்று நகல்கள், இரண்டு வகை சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். சிறு நிறுவனத்துக்கு இதன் பொருள்: அலுவலகக் கணினியில் ஒன்று, கிளவுடில் ஒன்று, மாதம் ஒருமுறை நகலெடுத்து உரிமையாளர் வீட்டில் வைக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று.

பழைய குப்பையை என்ன செய்வது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்க முயன்றால் பாதியில் நின்றுவிடும். பழைய படங்களை எல்லாம் 'பழையவை' என்ற ஒரே ஃபோல்டரில் தள்ளிவிட்டு, இன்றைய வேலையிலிருந்து புதிய முறையைத் தொடங்குங்கள். பொறுப்புக் காலம் முடியாத வேலைகளை மட்டும் வாரத்துக்கு ஐந்தாக எடுத்து அடுக்கலாம்.

மூன்று மாதம் கழித்து ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு வேலை எண்ணைச் சொல்லி, அதன் 'முன்' படத்தை எடுத்துத் தரச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் யாரையும் கேட்காமல் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தந்தால் முறை வேலை செய்கிறது. "அது அவர் போன்ல இருக்கும் சார்" என்று பதில் வந்தால், முறையை இன்னும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று பொருள்.