ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்து: துருவும் அசல்தன்மையும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 1971 வரை உருவாக்கிய மகிழுந்து ஆகும். இது 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவமாகும். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி இதனை வடிவமைத்தார். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயவகை மகிழுந்தின் அடிச்சட்டமும் இதிலிருந்தே பிறந்தது. பழைய வண்டிகளைச் சேகரிப்போர் ஹெரால்டை வாங்குமுன் அதன் துருவையும் அசல்தன்மையையும் சேர்த்தே ஆராய வேண்டியுள்ளது.

அடிச்சட்டமும் துருவும்

அதே காலத்து அம்பாசடரிலும் ஃபியட் 1100இலும் உடற்கூடே வண்டியைத் தாங்குகிறது. ஹெரால்டிலோ தனி அடிச்சட்டத்தின் மேல் உடற்பகுதிகள் திருகாணிகளால் இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே கதவுக்குக் கீழுள்ள தகடு அரித்திருப்பது பெரும்பாலும் தோற்றக் குறையே. ஸ்பிட்ஃபயரில் அப்படியன்று, அங்கே அத்தகடு வலுவையும் தாங்குகிறது. ஹெரால்டில் அஞ்சத்தக்கது அடிச்சட்டத்தின் பக்கக் கைகளில், குறிப்பாகப் பின்பகுதியில், சேறு தங்கி ஏற்படும் அரிப்பாகும். கதவு இடைவெளி மேலும் கீழும் ஒவ்வாதிருந்தால் சட்டம் தொய்ந்திருக்கலாம். காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டின் மேல் பட்டி தடித்திருக்கிறது என அறியலாம்.

சேலம், நாமக்கல் சமவெளிக்குக் கடலோர உப்புக்காற்று எட்டுவதில்லை. இதனால் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற பகுதிகளில் நெடுங்காலம் இருந்த வண்டி நல்ல நிலையில் கிடைக்க வாய்ப்பு மிகுதி. ஆயினும் சேலத்துப் பதிவெண் மட்டும் சான்றாகாது. வண்டி இடையில் சென்னையில் ஓடியிருக்கலாம். ஆண்டுக்கணக்கில் மண்தரையில் நின்ற வண்டியும் அடியிலிருந்து அரிக்கும். சரக்குந்துக் கூடு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் தகட்டு வேலையில் தேர்ந்தவர்கள் பலர். திறமையான டிங்கர் வேலை துருவை நீக்கவும் செய்யும், மறைக்கவும் செய்யும். எனவே மேலே பூசிய வண்ணத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், வண்டியைத் தூக்கி அடியில் பார்ப்பதே முறை.

அசல்தன்மை

இந்திய ஹெரால்டின் பொறி 948 க.செ.மீ. கொள்ளளவுடையது. இங்கிலாந்தில் பின்னர் வந்த 1147 க.செ.மீ. பொறி இங்கு இடம்பெறவில்லை. நான்கு கதவு கொண்ட மூன்றாம் வகை இந்தியாவிற்கே உரியது. அதனைப் போலி எனக் கருதுவது தவறு. பின்சக்கரங்களுக்குக் குறுக்கே ஒரே பட்டைவில் அமைந்திருப்பது ஹெரால்டின் அடையாளமாகும். 1972இல் அதன் இடத்தில் வந்த கெசல் மகிழுந்தில் திடமான பின்னச்சு பொருத்தப்பட்டது. அவ்வச்சு ஹெரால்டில் காணப்பட்டால் அது பின்னாளைய மாற்றம். எரிபொருள் செலவைக் குறைக்க டீசல் பொறி ஏற்றுவதும் பழைய வண்டிகளில் வழக்கமாக இருந்தது.

இவ்வேறுபாடுகள் சேகரிப்பாளரின் விருப்பத்தோடு நிற்பவை அல்ல. 2021ஆம் ஆண்டு நடுவண் அரசு வகுத்த பழம்பெரும் ஊர்தி விதிகள், 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, பொறி ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி அசல் நிலையில் பேணப்படும் வண்டிகளையே ஏற்கின்றன. இப்பிரிவில் புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எல்லா ஹெரால்டுகளும் வயது வரம்பைத் தாண்டிவிட்டன. ஆனால் துருப்பிடித்த சட்டத்தை அகற்றி வேறொன்றைப் பொருத்திய வண்டி இங்கே சிக்கலுக்குள்ளாகும். சட்ட எண்ணும் பொறி எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்பதை முன்பணம் கொடுக்குமுன் பார்த்துவிட வேண்டும். எண் பொறித்த இடத்தைச் சுற்றிப் புதிய பற்றவைப்புத் தடம் உள்ளதா என்பதையும் கவனிக்க வேண்டும்.